நில் என்று சொல்லும் வேலை

கரமனை அக்ரஹாரத்தில் தனியாக இருக்கும் பிரேமாவுக்கு நாற்பத்தாறு வயது. கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில், சர்வர்களின் கெர்னலில், அதாவது மற்ற எல்லாப் புரோகிராமுக்கும் அடியில் ஓடும் மூலப் புரோகிராமில், வேலை. தெருவில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால், இந்தக் கதை சொல்கிற நானாவது சொல்லியிருப்பேன். பிராசஸர் ஓர் அவசரக்குடுக்கை. அடுத்து என்ன வரும் என்று ஊகித்து முன்கூட்டியே செய்து வைக்கும். ஊகம் தப்பினால் தூக்கி எறியும். ஆனால் பெருங்காயம் வைத்த டப்பாவில் வாசனை நிற்பதுபோல உள்ளே தடம் நின்றுவிடும். அதே மெஷினில் ஓடும் களவாணி புரோகிராம் அந்தத் தடத்தைப் பிடித்து அடுத்தவர் ரகசியத்தை எடுத்துவிடலாம். அதனால் கெர்னலின் வாசலில், "நில், உறுதியான பிறகு போ" என்று தடுப்புப் போட வேண்டும். அதுதான் பிரேமாவின் வேலை. தடுப்புப் போட்டால் மெஷின் மெதுவாகும். பிரேமா வந்தாலே மெஷின் நொண்டும் என்பது ஆபீஸில் பழைய கேலி. திருட்டுப்போகாத வீட்டில் காவல்காரனுக்கு என்ன மரியாதை? மத்தியானச் சாப்பாடும் அவளுக்குத் தனியாகத்தான்.

ஒரு மாரிக்காலத்தில் அந்தத் தடுப்புகளை வேறு மாதிரி எழுதினாள். சோதனை மெஷினில் ஓட்டிப் பார்த்தால் வேகம் துளியும் குறையவில்லை. டீம் லீடர் ஹரிகுமார் எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னார், மேலிடத்துக்கும் எழுதிவிட்டார். அன்று சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். ஆர்ஷா என்ற சின்னப்பெண் அவள் டப்பாவிலிருந்து புளியிஞ்சி எடுத்துத் தின்றாள். சனிக்கிழமை எல்லோரும் திற்பரப்பு அருவிக்குப் போகிறார்கள், வேன் கரமனை வழியாகத்தான் வரும், சேச்சியும் வரணும் என்றாள். பிரேமா பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அவ்வளவு சந்தோஷம்.

வியாழக்கிழமை கணக்கு இடித்தது. தடுப்பே இல்லாமல் வேகம் எவ்வளவு என்று பார்க்க, மெஷினைத் தொடங்கும்போது ஒரு வரி சேர்த்து எல்லாத் தடுப்புகளையும் அணைத்து வைப்பது அவர்கள் வழக்கம். அந்த வரியை எடுக்க மறந்திருந்தாள். அவள் அளந்தது காவலே இல்லாத வீட்டை. வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். பழைய நொண்டல் அப்படியே இருந்தது.

ஹரிகுமாரிடம் போக எழுந்தபோது ஆர்ஷா ஸ்கிரீனைப் பார்த்துவிட்டாள்.

"சேச்சி, திங்களாழ்ச்ச சொன்னா போராதா? டூர் போயிட்டு வந்து சொல்லுங்கோ."

நஷ்டம் யாருக்கும் இல்லைதான். அவள் புதிதாக எழுதியது ஆபீஸை விட்டு வெளியே போகவே இல்லை. பிரேமாவுக்கும் ஆசை இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

"இது தெரிஞ்சுண்டு உங்களோட வேன்ல எப்படிடி உட்காருவேன்?" என்றாள்.

ஹரிகுமார் கோபிக்கவில்லை. மேலிடத்துக்குத் திருத்தி எழுதினார். யாரும் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. திட்டியிருந்தால் பேச்சுத்துணையாவது ஆகியிருக்கும். வெள்ளிக்கிழமை மேஜையில் நாற்காலி இல்லை. சாயங்காலம் ஆர்ஷாவின் வாட்ஸ்அப் வந்தது: வேனில் இடம் தீர்ந்துபோச்சு, ஸாரி சேச்சி.

சனிக்கிழமை காலையில் பால் வாங்கக் கரமனை ஜங்ஷனுக்கு வந்தாள். சிக்னலில் அந்த வேன் நின்றது. உள்ளே பாட்டு. ஜன்னலோரம் ஆர்ஷா அவளைப் பார்த்தாள், உடனே போனில் குனிந்துகொண்டாள். அவள் பக்கத்து சீட் காலியாக இருந்தது; அதன்மேல் யாருடைய பையோ கிடந்தது.

வர வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பிரேமா தாங்கியிருப்பாள். இடமில்லை என்று சொன்னதற்குத்தான், பால் பாக்கெட்டோடு அந்த நடைபாதையில் நின்று அழுதாள்.