இரண்டு பக்கமும் சரியாக இருந்த லைன்

பட்டாசுக் கம்பெனிக்குள் மொபைலைக் கொண்டுபோக முடியாது. வாசலில் ஒப்படைத்துவிட்டு, உடம்பில் ஏறிய நிலைமின்சாரம் இறங்கச் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அதனாலேயே அங்கே மேஜை போனுக்கு இன்னும் மவுசு. திருத்தங்கலைத் தாண்டிய ஒரு கம்பெனி ஆபீசில், ஒரே இணைப்பில் முப்பது பேர் பேசக்கூடிய டிஜிட்டல் லைனுக்குப் புதுப் பெட்டி மாட்டப் போயிருந்தேன்.

போனில் ஆர்டர் எடுக்கும் அக்கா நான் ஸ்க்ரூ முடுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மணி அடிக்கலேன்னா, மொதலாளி இந்த வேலைய டவுன் ஆபீசுக்கு மாத்திருவாக. எம்பிள்ள பள்ளிக்கூடம் இந்தா பின்னாலதான் இருக்கு. பஸ் ஏறி டவுனுக்குப் போயிட்டு நான் எப்ப வாறது?"

"அரை மணி நேரந்தான்க்கா" என்றேன்.

விருதுநகரில் ஒரு மிளகாய் மண்டிக்கு மாட்டிய பெட்டியின் செட்டிங்குகளை அப்படியே இதில் ஏற்றினேன். அங்கே ஓடியது இங்கே ஓடாதா? பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் ஒரு போன் கால்கூடப் போகவில்லை.

சந்தேகம் வந்தால் நாங்கள் லூப் போடுவோம். பெட்டி அனுப்புவதை அதற்கே திருப்பிவிட்டுப் பார்ப்பது. போட்டேன், ஒரு பிழை இல்லை. வாசலுக்கு நடந்து, மொபைலை வாங்கி எக்சேஞ்ச் பொறியாளரைக் கூப்பிட்டேன். அவரும் லூப் போட்டுப் பார்த்தார்.

"நம்ம சைடு பக்கா தம்பி."

"எங்க சைடும் பக்கா சார்."

உள்ளே வந்து கேபிளை மாற்றினேன். மறுபடி வாசல், மறுபடி தகடு.

"தகடு தேஞ்சிரும் தம்பி. வாசல்லயே ஒரு நாற்காலி போட்ரச் சொல்லவா?" என்றார் அக்கா. சிரிக்கத்தான் செய்தார், ஆனால் கண் கடிகாரத்தில் இருந்தது.

அடுத்த தடவை தகட்டில் கை வைத்தபோதுதான் உறைத்தது. தனக்குத்தானே பேசிக்கொண்டால் எந்தப் பெட்டிக்கும் புரியும். இரண்டும் ஒரே முறையில், அதாவது ஒரே லைன் கோடிங்கில், பேசுகின்றனவா என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

கம்பியில் போவதெல்லாம் ஒன்றும் பூஜ்யமும்தான். 'ஒன்று' என்பது ஒரு துடிப்பு. சரவெடியில் சிவப்பும் பச்சையும் கோர்த்த மாதிரி, ஒரு துடிப்பு மேலே, அடுத்தது கீழே என மாறி மாறி வரும். பூஜ்யம் வெறும் இடைவெளி. இடைவெளி நீண்டால் எதிர்முனைக்குத் தாளம் தப்பும். மண்டியின் பழைய லைன் ஓடிய ஏ.எம்.ஐ. முறை அதைக் கண்டுகொள்ளாது. புது லைன்களில் வழக்கமான ஹெச்.டி.பி.3 முறையோ, நான்கு பூஜ்யம் சேர்ந்தாலே வேண்டுமென்றே வரிசை தப்பிய ஒரு துடிப்பைச் செருகும். விஷயம் தெரிந்த பெட்டி அதை நீக்கிவிட்டுப் படிக்கும். தெரியாத பெட்டி அதையும் செய்தி என்று நம்பிக் குழம்பும்.

அங்கிருந்தபடியே மொபைலைத் திரும்ப வாங்கினேன். "சார், லைன் கோடிங் என்ன வச்சிருக்கீக?"

"ஹெச்.டி.பி.3. வேற என்னத்த வைப்பாக?"

"நான் ஏ.எம்.ஐ. வச்சிட்டேன்."

"அத மொதல்லயே கேக்கப்பிடாதாப்பா?"

"நீங்களுந்தான் கேக்கல சார்."

உள்ளே போய் அந்த ஒரு செட்டிங்கை மாற்றினேன். பச்சை விளக்கு முன்பு எரிந்தது போலவே எரிந்தது. சற்றுப் பொறுத்து மணி அடித்தது. டவுனிலிருந்து முதலாளி.

"நல்லாக் கேக்குது மொதலாளி," என்றபடி அக்கா நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆமா, இங்கனதான் இருக்கேன். இங்கனயே இருக்கேன்."