கண்ணாடித் தொட்டியில் மிதித்த பாத்தி

இது 1976 ஏப்ரலில் மரக்காணத்தில் நடந்தது. கண்ணால் பார்த்தவர்கள் பதினோரு பேர். ஒருவர்கூட இன்றுவரை வாக்கு மாறவில்லை. கட்டிவிட்ட கதை என்பவர்களோடு பேச்சில்லை.

உப்பளக்காரர் சவரிராயனுக்கு வயது அறுபத்திரண்டு. மகள் அருள்மேரியின் நிச்சயத்துக்குப் புதுச்சேரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் ஒரு தங்கமீன் தொட்டி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளாய் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அவங்க நல்ல தண்ணில வளக்கட்டும். உப்புக்காரன் வூட்ல கடல் மீனு நீந்தணும்."

நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. சட்டம் தேக்கு. இரும்பை உப்பு தின்றுவிடும் என்று ஓர் ஆணிகூட அடிக்க விடவில்லை. குழாய் வேலை ஃபிட்டர் குழந்தைசாமி. மோட்டார் கிணற்று நீரை மாடிப் பீப்பாய்க்கு ஏற்றும். பீப்பாயில் கிளிஞ்சலும் மணலும் வடிகட்டும். தெளிந்த நீர் தொட்டிக்கு இறங்கும். மிகுந்தது வழிந்து கிணற்றுக்கே திரும்பும்.

கொல்லைக் கிணறு. முப்பது வருடமாகக் கல் போட்டு மூடிக் கிடந்தது.

"கடல்லேர்ந்தே கொண்டாந்துடலாங்க. இத மூடினது பெரியவரு..." என்று இழுத்தான் குழந்தைசாமி.

"மூடினது எங்கப்பா. தொறக்கறது அவரு புள்ள. உனக்கென்னடா?"

நீரில் உப்பின் அளவைக் காட்டும் உப்பளத்து டிகிரி மீட்டரைச் சவரிராயன் கிணற்று நீரில் மிதக்கவிட்டார். மூன்று. கடலின் அதே உப்பு.

வியாழன். பகல் 12.20. கூடத்தில் சத்தம்.

தப்... தப்... தப்...

யாரும் இல்லை. தொட்டியில் விட்டிருந்த ஆறு கடல் மீன்களும் ஒரே மூலையில் ஒடுங்கி நின்றன. தளரக் கொட்டியிருந்த அடிமணல் தரைபோல் இறுகியிருந்தது.

வெள்ளி. 12.20. மறுபடி அதே சத்தம். இம்முறை மணலில் பாதச்சுவடுகள். ஒட்டி ஒட்டி, பக்கவாட்டில் நகர்ந்து... புதுப் பாத்தியை இறுக்க உப்பளத்துப் பெண்கள் மிதிப்பார்களே, அப்படி.

தொட்டி மூடியில் பூட்டு. சாவி அவர் இடுப்பில்.

மீட்டர் பதினொன்று காட்டியது. சனிக்கிழமை பதினெட்டு. மீன்கள் செத்து மிதந்தன.

குழாயை அடைத்தார். கடல் நீரும் புது மீனும் வண்டியில் வந்தன. மணலைக் கிளறிவிட்டார். மூன்று டிகிரி. தானே பார்த்தார். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிறு. பூசை முடிந்து எல்லாரும் தொட்டியைச் சூழ்ந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் ஞானமேரி குனிந்தாள்.

"கடலையே கொண்டாந்துட்டீங்களே சம்பந்தி..."

12.20.

தப்...

பதினோரு பேர் முன்னால் மணல் அமுங்கியது. ஒரு பாதம். பக்கத்தில் இன்னொன்று. நீர்மேல் வெள்ளை ஏடு படர்ந்தது. இருபத்தைந்து டிகிரியில் பாத்தியில் படருமே, அந்த உப்பு.

மோட்டார் பக்கம் நின்ற குழந்தைசாமி அருகே வந்தான்.

"இடது கால்ல சுண்டு விரல் இல்ல... எங்கம்மாவுக்கு அப்படித்தாங்க."

அவன் அம்மா வேலம்மாள், சவரிராயனின் தந்தையுடைய உப்பளத்தில் பாத்தி மிதித்தவள். 1946இல் காணாமல் போனாள். எவனோடோ ஓடிவிட்டாள் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவர் அந்தத் தந்தை. கிணறு மூடப்பட்டதும் அதே வாரம்.

சவரிராயன் நிமிர்ந்தார்.

"எங்கப்பா பொய் சொல்ற ஆளு இல்ல. அவ ஓடிப்போனவ. இப்பவே கிணத்த எறச்சுக் காட்றேன். எல்லாரும் இருந்து பாத்துட்டுப் போங்க."

எண்ணெய் இஞ்சின் மூன்று மணி நேரம் இறைத்தது. 3.50க்கு அடிச்சேறு தெரிந்தது.

எலும்புகள். ஒரு கண்ணாடி வளையல்.

மண்டையோடு முதல் முழங்கால்வரை எல்லாம் இருந்தன.

அதற்குக் கீழே இல்லை. சேற்றைச் சலித்தும் இல்லை.

கிணற்றுக்குள் இறங்கியிருந்த குழந்தைசாமி மேலே ஏறி வந்தான்.

"ஓடிட்டாள்னு சொன்னீங்களே ஐயா... எந்தக் காலால?"



கூடத்திலிருந்து...

தப்... தப்...

அதன் பிறகு அது நேரம் பார்க்கவில்லை.