தாடிப் பக்கத்து இருக்கை

நெரவி பஸ்ஸில் என்னோடு காரைக்காலுக்கு வரும் அந்தப் பெரியவருக்கு வலக்கன்னம் பளபளவென்றிருக்கும். இடக்கன்னத்தில் வெள்ளைத் தாடி மண்டிக் கிடக்கும். ஒருநாள் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த நான் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"ஐயா, இந்தப் பக்கம் சவரம் பண்ண மறந்துட்டீங்களா?"

"மறக்கல தம்பி. பக்கவாதம் வந்ததுலேர்ந்து இடப்பக்கம் என்ன இருந்தாலும் என் புத்தியில ஏறமாட்டேங்குது. தட்டுலகூட அந்தப் பக்கத்துச் சோத்த அப்படியே விட்டுட்டு எந்திரிச்சிடுறேன்."

"வீட்டுல யாரையாவது சவரம் பண்ணிவிடச் சொல்லலாமே?"

"என் மகனும் தினம் பிளேடோட வந்து நிக்கிறான். வலக்கை நல்லாத்தான இருக்கு? என் மூஞ்சிய நான்தான் மழிப்பேன். பாக்கச் சகிக்கலேன்னா எந்திரிச்சு வலப்பக்கம் போய் ஒக்காருங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் எழுந்திருக்கவில்லை.

இடப்பக்கம் உட்கார்ந்தால், நான் வாயைத் திறக்கும்வரை வந்ததே அவருக்குத் தெரிவதில்லை. ஆனாலும் இன்றுவரை அந்தத் தாடிப் பக்கம்தான் என் இடம்.