எர்லீன் ஏற்றிய எடை

எர்லீன் டார்வர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கிழக்கு டெக்ஸாஸில் மில்பிராஞ்ச் என்கிற ஊர். பைன் காட்டுச் சாலைகளில் மழையோ பனியோ, பிள்ளைகளை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய் இறக்கிவிடுவாள். வெள்ளிக்கிழமைகளில் பள்ளியின் கால்பந்து அணியையும் அவள்தான் ஏற்றிப்போவாள். கை நடுங்காதவள் என்று ஊரில் அவளுக்குப் பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு அவளைத் தெரியாது. உண்மையில் அவள் பயந்தாங்கொள்ளி. இடிக்கும் பாம்புக்கும் அஞ்சமாட்டாள். ஒரே மகன் ஜார்விஸ் ஆட்டத்துக்காகத் தலைக்கவசம் மாட்டுவதைப் பார்த்தால் மட்டும் பயம் பிடித்துக்கொள்ளும். அந்த ஊரில் கால்பந்து என்றால் பந்தைக் கையால் எறிந்து, தோளால் மோதிக்கொண்டு ஆடுவது. காலுக்கு ஓடுகிற வேலைதான்.

பயத்துக்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது. தம்பி வெண்டல். அவனும் இதே பள்ளிக்கு ரிசீவராக ஆடியவன், அதாவது தூக்கி எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிறவன். அப்போது ஒல்லிக்குச்சி. ஒருநாள் மைதானத்தின் நடுவே பந்துக்காக எம்பியவனை எதிரணிக்காரன் வந்து மோதினான். வெண்டல் விழுந்தவன் விழுந்தபடியே கிடந்தான். மில்பிராஞ்சில் மகன் விழுந்தால் தாய் மைதானத்துக்கு இறங்கக் கூடாது. இறங்கிவிட்டால் பையனுக்குக் காலத்துக்கும் கேலிதான். அவர்களுடைய அம்மா கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கி அறுத்தே போட்டாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எர்லீன் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்டல் பிழைத்தான், வலது கை விரல்கள் மட்டும் மரத்தே போய்விட்டன. இன்றைக்கும் அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட அக்கா வேண்டும்.

ஜார்விஸும் ஒல்லிதான். ஆனால் அவன் ஓட்டம் வேறு. ஓரக்கோட்டை ஒட்டி நிற்பான், பந்து கைமாறியதும் நேராகப் பறப்பான், துரத்தியவன் பாதியிலேயே இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவான். இரண்டு வருடமாக ஆடுகிறான், ஒருவன் கூட அவனை ஒழுங்காகத் தொட்டதில்லை. எர்லீன் ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்த்தவள். பார்த்து என்ன பயன்? பயந்தவள் கண்ணுக்கு எதுவும் நேராகத் தெரிவதில்லை.

போன டிசம்பரில் அணி தோற்று வெளியேறியது. எதிரணியில் மலைபோல இரண்டு ரிசீவர்கள் இருந்தார்கள். அன்றிலிருந்து பெட்ரோல் பங்கில் காலைக் காப்பிக்குக் கூடுகிற ஆண்களுக்கு வேறு பேச்சே இல்லை.

"வேகமாம் வேகம். அந்த டார்வர் பையன் காத்தடிச்சா பறந்துருவான் போல இருக்கான்" என்றார் பங்க் நடத்தும் லெராய்.

"பெரிய ஆளு போய்ச் சேர்றதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிரும் அண்ணே" என்றான் வெண்டல்.

"உன் கையைப் பாத்துட்டுப் பேசுடா. அன்னிக்கு நீ இன்னும் நாப்பது பவுண்டு எடை கூட இருந்திருந்தா இன்னிக்கு உன் சட்டைய நீயே மாட்டிக்கிட்டிருப்ப."

எல்லோரும் சிரித்தார்கள், வெண்டலும் சிரித்தான். வெளியே பஸ்ஸுக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்த எர்லீன் சிரிக்கவில்லை. அந்த நாற்பது பவுண்டு அவள் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது.

கோடை விடுமுறை முழுக்க மகனைத் தின்ன வைத்தாள். காலையில் பிஸ்கட் என்கிற சூடான மெத்து ரொட்டியின் மேல் கொழுப்பும் மாவும் காய்ச்சிய குழம்பு, மதியம் பொரித்த பன்றிக்கறி, படுக்கப்போகும்போது வேர்க்கடலை வெண்ணெய் கலந்த பால்.

"ம்மா, தொண்டை வரைக்கும் நிக்குது."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. கண்ணை மூடிட்டு முழுங்குடா ராசா."

"எனக்கே என்னைத் தூக்க முடியலம்மா."

"வாயில போடறதை விட்டுட்டு வாயாடாத."

ஆகஸ்டில் பழைய சட்டை எதுவும் அவன் தோளில் இறங்கவில்லை. எர்லீன் அந்தத் தோளைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். இதை யாரும் உடைக்க முடியாது என்று நினைத்தாள். பல வருடங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

செப்டம்பரில் முதல் வெளியூர் ஆட்டம். பையன்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் ப்ரூவிட் ஓட்டுநர் இருக்கைக்கு அருகே வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"மிஸ் எர்லீன், என்ன போட்டு வளத்தீங்க இவனை? ஆளே மாறிட்டானே. இனிமே ஓரத்துல விட்டு வீணாக்கப் போறதில்ல. நடுவுல இறக்கப்போறேன்."

"நடுவுலயா?"

"பெரிய ஆளுங்க நிக்கிற இடம் அதுதானே. நாலு பேரு மோதினாலும் இப்ப தாங்குவான்."

வெண்டல் விழுந்த இடம் அது. மகனைக் காப்பாற்றத்தான் எர்லீன் ஊட்டினாள், அவளே ஊட்டி அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். பஸ்ஸைத் திருப்பி வீட்டுக்கே ஓட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பின்னால் பையன்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து ஜார்விஸும் பாடினான். அவள் சாலையைப் பார்த்து ஓட்டினாள். ஸ்டியரிங் சக்கரம் வியர்வையில் வழுக்கியது.

மைதானத்தில் படிவரிசையின் மேல்பக்கம் வெண்டலோடு உட்கார்ந்தாள். முதல் பாதியில் ஜார்விஸ் நடுவே நின்று கிட்டத்திலிருந்து எறிகிற பந்துகளாகப் பிடித்தான், பிடித்ததும் விழுந்தான், எழுந்தான். பக்கத்து வரிசையில் லெராய் பாப்கார்ன் பொட்டலத்தோடு எழுந்து நின்று கத்தினார். "பாத்தியா எர்லீன், எலும்புல சதை இருந்தா எப்படி நிக்கறான் பாரு."

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி. ஜார்விஸ் பந்தைப் பிடித்துத் திரும்பினான், எதிரே காலி மைதானம். பழைய ஜார்விஸாக இருந்தால் எதிரணியின் கடைசிக் கோட்டைக் கடந்து புள்ளி எடுத்திருப்பான், யாரும் பக்கத்தில் வந்திருக்க முடியாது. இவன் ஓடினான், ஆனால் சோளமூட்டையைச் சுமந்து ஓடுகிறவனைப் போல ஓடினான். பின்னாலிருந்து ஒருவன் நெருங்கி வருவதைப் படிவரிசை முழுவதும் பார்த்தது. எட்டிப் பாய்ந்தவனின் தலைக்கவசம் ஜார்விஸின் முதுகில் மோதிய சத்தம் மேல்வரிசை வரை கேட்டது.

அவன் விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

கூட்டம் அடங்கிப்போயிற்று. எர்லீன் எழுந்தாள். முன்வரிசையில் இருந்த தாய்மார்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்தாள். கைப்பை வாரைப் பற்றியிருந்த தன் கைகளைப் பார்த்தாள், அப்படியே அம்மாவின் கைகள்.

"அக்கா" என்றான் வெண்டல். மைதானத்திலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை. "அன்னிக்கு நான் படிக்கட்டையேதான் பாத்துட்டுக் கிடந்தேன். அம்மா வருவாங்கன்னு."

அதற்கு மேல் அவள் உட்கார்ந்திருக்கவில்லை. யார் காலை மிதித்தாள், யாருடைய கோலா கொட்டியது என்றெல்லாம் தெரியாது. கம்பிவேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு புல்லில் கால் வைத்தபோது, ஜார்விஸ் முழங்காலை ஊன்றி மெல்ல எழுந்துகொண்டிருந்தான். பந்து அவன் கையிலேயே இருந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. வேலிக்குள் நிற்கும் அம்மாவை அவன் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். அது அவளைச் சுட்டது. சுடட்டும் என்று அங்கேயே நின்றாள்.

அவன் விடாமல் பிடித்த அந்தப் பந்தை அங்கிருந்தே கோட்டுக்குக் கொண்டுபோய் மில்பிராஞ்ச் ஜெயித்தது. எர்லீனுக்கு அதுதான் இன்னும் பெரிய பயம். தோற்றிருந்தால் அவனை ஓரத்துக்கே அனுப்பியிருப்பார்கள். ஜெயித்துவிட்டார்களே, இனி வாராவாரம் நடுவில்தான்.

திரும்பும் வழியில் பஸ் ஒரே கும்மாளம். "மிஸ் எர்லீன்" என்று பின்னாலிருந்து கூவினார் ப்ரூவிட். "இன்னும் ஒரு பத்து பவுண்டு ஏத்திவிடுங்க, இவனை யாராலயும் அசைக்க முடியாது."

கொஞ்ச நேரம் கழித்து ஜார்விஸ் எழுந்து வந்து அவள் தோளருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேலிக்குள் வந்ததற்குத் திட்டப்போகிறான் என்று நினைத்தாள். அவன் குரல் அவளுக்கு மட்டும் கேட்கிற அளவில் இருந்தது.

"ம்மா, பின்னாடி காலடிச் சத்தம் கேட்டுச்சு."

"எப்போடா?"

"அடி விழறதுக்கு முன்னாடி. யாரோ ஓடி வர்ற சத்தம். நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லம்மா. கிட்ட வருது, கிட்ட வருதுன்னு தெரியுது, காலு நகர மாட்டேங்குது." கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "பயமா இருந்துச்சு."

தன் பயத்தை எடுத்து மகன் வயிற்றுக்குள் போட்டுவிட்டோம் என்று எர்லீனுக்குத் தோன்றியது.

ஊர் எல்லையில் பர்கர் கடையின் சிவப்பு விளக்கு தெரிந்தது. ஜெயித்த இரவில் பஸ் அங்கே நின்றாக வேண்டும், எத்தனையோ வருட வழக்கம். பையன்கள் இருக்கையைத் தட்டத் தொடங்கினார்கள். "ஜார்விஸுக்கு ரெண்டு, கடைக்காரன்கிட்ட நானே சொல்றேன்" என்றார் ப்ரூவிட்.

எர்லீன் பிரேக்கில் கால் வைக்கவில்லை. சிவப்பு விளக்கு பக்கவாட்டில் வந்து பின்னால் போயிற்று. பஸ் முழுக்கக் கூச்சல் எழுந்தது. "மிஸ் எர்லீன், கடை, கடை" என்று ப்ரூவிட் எழுந்து வந்தார். ஒரு கடையைத் தாண்டுவதால் ஒரு கோடையின் சதை கரைந்துவிடாது என்று அவளுக்கும் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஏழே நாள்தான் இருந்தது.

"உக்காருங்க கோச்" என்றாள். "பஸ் ஓடிட்டிருக்கு."