ஆவி போகாத பாய்லர்

ஸ்ரீரங்கத்தில் என் எதிர்வீட்டுக்காரர் ஒரு கிளார்க். ஒல்லியானவர். எதைக் கண்டாலும் விரல்முட்டியால் தட்டி, காது வைத்துக் கேட்பார்.

வைகுண்ட ஏகாதசிக்கு முசிறியிலிருந்து அவருடைய மாமனார் வீட்டார் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் வெந்நீர் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, எண்ணெய் டிரம்மில் அவரே ஒரு பாய்லர் செய்தார். காலை ஐந்தே முக்காலுக்கு அதைக் காட்ட என்னை அழைத்தார். கொல்லைக் குளியலறையில் அது நின்றது; அடியில் விறகு எரிந்தது. தண்ணீர் ஊற்றும் துவாரத்தில் மரக்கட்டையை அடித்து இறுக்கியிருந்தார்.

"ஆவி போக வழி வேண்டாமா?" என்றேன்.

"சூடு வீணாப் போயிடுங்க சார்." டிரம்மைத் தட்டிக் கேட்டார். "சத்தம் நல்லாத்தான் இருக்கு."

டிரம் பக்கவாட்டில் உப்பியிருந்தது. அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். ஏழாவது அடி வைக்கும்போது கட்டை ஓட்டுக்கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்தது. துண்டோடு வரிசையில் நின்றவர்கள் தெருவுக்கு ஓடினார்கள்.

"மாப்ளே, வெந்நீர்தானே கேட்டோம்? வெடியா கேட்டோம்?" என்று மாமனார் வாசலிலிருந்து கத்தினார். ஒன்பது பேரும் காவிரிக்கே போய்விட்டார்கள்.

ஆவி அடங்கியதும் கிளார்க் டிரம்மின் குழாயைத் திறந்து விரல் வைத்துப் பார்த்தார். "பாதித் தண்ணி இருக்கு சார். விளாவினா சரியா இருக்கும். நீங்களாவது குளிங்க."

அவர் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. கூரை ஓட்டையின் கீழே நின்று குளித்தேன். அவ்வளவு நல்ல வெந்நீர் அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.