பெக்கோக்காரர் சொன்ன பொய்

எங்கள் பழைய குளியலறையை இடிக்க, முரசுமோட்டையிலிருந்து பெக்கோ என்னும் மண்வாரி இயந்திரத்தோடு வந்தவர் அவர். தடித்த கழுத்து, சிவந்த கண்கள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால், "விழடா நாயே!" என்று சுவரைத் திட்டிவிட்டுத்தான் இரும்புக் கையை வீசுவார்.

அங்கே போன தண்ணீர்க் குழாயை வெட்டி, முனையில் ஒரு மூடியை ஒட்டியவள் நான். அதுவே என் முதல் குழாய் வேலை. "எங்கட பரம்பரையில படிச்சவள் இவள்தான், பிளம்பர் எதுக்கு?" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லியிருந்தார். ஈரக் குழாயில் பசை பிடிக்காது என்பது எனக்குத் தெரியாது. மோட்டரை ஓடவிட்டு, ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்று பெக்கோக்காரரிடமும் காட்டினேன்; மோட்டரை நிறுத்தவில்லை.

சுவரில் விழுந்த மூன்றாவது அடியின் அதிர்விலேயே மூடி தெறித்து அவர் வாயில் மோதியது. அவர் பாய்ந்து இறங்கி, சீறிய குழாயை உள்ளங்கையால் அழுத்தி அடைத்தார். தண்ணீரோடு இரத்தமும் ஓடியது.

"மோட்டரை நிப்பாட்டடி, விசரி!"

நிறுத்தினேன். அப்பா ஓடிவந்தார்.

"ஆற்ற பிழை, தம்பி?"

பெக்கோக்காரர் உடைந்த பல்லைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ர பிழைதான் ஐயா. மிசின் பட்டுக் கழண்டிட்டுது. பிள்ளை வடிவாத்தான் ஒட்டியிருந்தது."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. நான் ஏன் பேசாமல் நின்றேன் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.