முட்டு மரத்துக்கு வைத்த விளக்கு

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

வேலைக்கு வந்த வெளிநாட்டில், ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கோயிலில் திருப்பணி. எனக்கு அங்கே தச்சு வேலை. வேலை முடியும்வரை சாமியின் சக்தியை அத்திப் பலகைக்கு மாற்றி, வெளியே கொட்டகையில் வைத்துப் பூசை செய்தார்கள். அதனால் மதியம் சாப்பிட்டதும், மண்டபத்து நடுவே உத்தரத்துக்கு நான் முட்டுக் கொடுத்திருந்த மரத்தடியில் காலை நீட்டிவிடுவேன். சாமியே வெளியே போயாச்சு, யார் கேட்கப் போகிறார்கள்?

அந்த வாரம் தூக்கம் சரியாக வரவில்லை. ஊரில் அப்பா படுத்த படுக்கை. தங்கச்சி கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் என்னைக் கைநீட்டி அடித்தவர். இரண்டு வருடமாகப் பேச்சே இல்லை. "ஒரு வார்த்தை பேசிடுண்ணே" என்று தங்கச்சி தினமும் போனில் அழுவாள். எனக்கு வீம்பு.

அன்றைக்குக் கண்ணைத் திறந்தால், முட்டு மரத்தடியில் ஓர் அம்மா அகல் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். குளித்த தலை, முடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நம்பினால் நம்புங்கள், வாசல் கதவை உள்ளே தாழ் போட்டது நான்தான்.

"அது சாமி இல்லம்மா, வெறும் முட்டு."

"தெரியும் தம்பி. வெளியூர்க்காரங்க வந்து தங்குற இடம், விளக்கில்லாம இருக்கலாமா?" என்றவர் என்னைப் பார்த்து, "அப்பாகிட்ட பேசிடுங்க. சாயங்காலம்னு தள்ளிப்போடாதீங்க" என்றார்.

அப்பா விஷயம் அங்கே ஒருவருக்கும் தெரியாது. எழுந்து உட்காருவதற்குள் ஆளைக் காணோம், விளக்கு மட்டும் எரிகிறது. உடனே தங்கச்சிக்குப் போன் போட்டேன். அப்பா காதில் வைத்தாள். "சாப்டியாடா?" என்றார். உடைந்து அழுதுவிட்டேன். அன்று சாயங்காலம் அப்பா போய்விட்டார்.

பிறகொரு நாள், கோயிலுக்குப் பூக்கட்ட வரும் தமிழ் டீச்சரிடம் சொன்னேன். "பழைய காலத்துல கோயிலே அப்படித்தான் லா. மண்டபத்துல நட்ட மரத்தூண்தான் சாமி. பொண்ணுங்க குளிச்சிட்டு வந்து விளக்கேத்துவாங்க, வெளியூர்லேர்ந்து வந்தவங்க கும்பிடுவாங்க. எங்கயாவது படிச்சிருப்பீங்க" என்றார். நானா? நான் படிப்பதெல்லாம் பஸ் நம்பர்தான்.

டீச்சரிடம் சொல்லாதது ஒன்று உண்டு. போனை வைக்கும் முன் அப்பா மெதுவாகச் சொன்னார்: "உன் பக்கத்துல நிக்கிற அம்மாவுக்குத் துண்டு குடுடா, தலையெல்லாம் ஈரமா இருக்கு."

அது வீடியோ கால் இல்லை. என் தோளில் துண்டு இருந்தது. திரும்பிப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. கொடுத்திருக்கலாம், அது இன்றைக்கும் உறுத்துகிறது.